செக்கிங் விஜயராணியும் கோணல் கிளியும்

விஜயராணியின் கண்ணில் ஒரு தப்பு படாமல் தப்பிப்பதென்பது நடக்காத காரியம். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர் சட்டைக் காலரில் தையல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருப்பது தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பந்தல் துணியில் எங்கே கிழிசல் என்று பார்ப்பாள். "நல்லவேளை, என்னையக் கட்டும்போது இவ கம்பெனியில சேரல. சேந்திருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்பியிருப்பா" என்று அவள் புருஷன் சோணைமுத்து சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் இல்லையென்று சொல்லமாட்டாள்.

மானாமதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள் அவள். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்க்க வேண்டும். தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி வடிவத்தில் ஒரு சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் ஆல்டருக்குப் போகும், அதாவது தைத்தவளிடமே திரும்பிப் போகும். அவள் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். தேறாது என்றால் டேமேஜ். அம்பு பேசாது, யாரையும் திட்டாது. இருந்தாலும் அத்தனை பேருக்கு முன்னால் ஒரு பீஸ் அம்போடு திரும்பி வந்தால் தைத்தவளுக்கு முகம் செத்துப்போகும். விஜயராணி அதையெல்லாம் யோசித்ததில்லை. தப்பைக் காட்டுவது அவள் வேலை, காட்டினாள்.

வருஷக்கணக்கில் நின்றதில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாரும்மா என்றார் டாக்டர். பனியன் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அவள் எங்கே போவாள்? அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருவில் ஒரு பழைய குடோனுக்கு வெள்ளையடித்து, பாய் விரித்து, ஒரு தொண்டு நிறுவனத்தார் கற்றல் மையம் திறந்தார்கள். வெளியூரிலிருந்து புதிதாகப் பிழைக்க வந்து, லைன் வீடுகளில் ஒற்றை அறையில் குடியிருக்கிற குடும்பங்களுக்காக அது. உசிலம்பட்டி, சிவகங்கை என்று தெற்கத்தி சனம் பாதி, ஒடிசா பீகார் சனம் பாதி. வார நாட்களில் காலையில், பள்ளிக்கூட வயது எட்டாத பிள்ளைகள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை தாயும் பிள்ளையும் சேர்ந்து வர வேண்டும். மையத்துக்குப் பொறுப்பு இந்துமதி, ராயபுரத்துப் பெண், டீச்சர் படிப்பு படித்தவள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஸ்கூட்டியில் வந்து போவாள். கூடமாட இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றதும் விஜயராணி போய் நின்றாள்.

முதல் நாளே இந்துமதி ஒரு கட்டு படத்தாளை எடுத்து அவளிடம் கொடுத்தாள். ஒரு தாளில் பூனை, ஒன்றில் குடம், ஒன்றில் கிளி. எல்லாம் கோட்டுப் படம்.

"இத ஞாயித்துக்கெழம ஊட்டுக்குக் குடுத்து உடுங்கக்கா. அம்மாவும் கொழந்தையும் சேந்து உக்காந்து வண்ணம் அடிக்கோணும். அடிக்கறப்ப பேசோணும், அது என்ன, இது என்னன்னு. பேச்சுதானுங்க முக்கியம். தாளு ஒரு சாக்குதானுங்க" என்றாள்.

விஜயராணி தலையை நன்றாக ஆட்டினாள். தாள் காதில் விழுந்தது, சாக்கு என்றது விழவில்லை.

அடுத்த ஞாயிறு தாள்கள் திரும்பி வந்தன. கேட்பானேன்? பூனையின் வால் வரைக்கும் பச்சை, குடத்துக்கு வெளியே முழம் நீளத்துக்குச் சிவப்புக் கோடு, ஒரு கிளிக்குக் கண் இருந்த இடத்தில் ஓட்டை. விஜயராணிக்குக் கை துறுதுறுத்தது. கம்பெனியை விட்டு வரும்போது மிச்சமிருந்த அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று அவள் பையில் கிடந்தது. எடுத்து, வண்ணம் கோட்டைத் தாண்டிய இடத்திலெல்லாம் பாங்காக ஒட்டி, அவரவர் தாளை அவரவர் கையில் கொடுத்தாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் திருத்திக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

அந்தத் தாய்மார்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிக்கே தையலுக்கோ மடிப்புக்கோ போகிறவர்கள். மிச்சப்பேர் வீட்டுக்குப் பண்டல் வாங்கி வந்து தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறை வெட்டுகிறவர்கள். தமிழே தெரியாத ஒடிசாக்காரப் பெண்ணுக்குக்கூட அந்தச் சிவப்பு அம்பு என்ன சொல்கிறதென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரமே தாள்கள் தேறின. அதற்கடுத்த வாரம் இன்னும் தேறின. ஒரு மாதத்துக்குள் வண்ணம் ஒரு நூல் வெளியே போகாமல் எல்லாத் தாளும் அச்சடித்த மாதிரி வந்தது. விஜயராணிக்குப் பெருமை பிடிபடவில்லை. சோணைமுத்துவிடம் சொன்னாள், மளிகைக் கடைக்காரரிடம் சொன்னாள். "எங்க புள்ளைக பேப்பரப் பாக்கணுமே நீங்க. ஒரு டேமேஜ் கெடையாது."

அத்தனையிலும் சுத்தமான தாள் அபிராமியுடையது.

அபிராமிக்கு நாலரை வயது. தீபாவளி முடிந்து உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பன் முனீஸுக்குப் பிரிண்டிங் பட்டறையில் வேலை. பிள்ளை எழும்புவதற்கு முன்னால் போவான், அவள் தூங்கின பிறகு வருவான். ஞாயிற்றுக்கிழமையானால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். தாய் ஒச்சம்மாள் வீட்டில் பிசிறு வெட்டுவாள். அபிராமி மையத்துக்கு வந்ததிலிருந்து வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. கிரேயானைக் கையில் கொடுத்தால் வாங்கமாட்டாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஞாயிறு தவறாமல் அவள் தாள் வந்துவிடும், குறை சொல்ல முடியாதபடி. இங்கே கூச்சம், வீட்டில் பிரமாதமாகச் செய்கிறாள் என்று விஜயராணியும் தன் பாட்டுக்கு நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு எல்லோரும் போன பிறகு ஒச்சம்மாள் தயங்கி நின்றாள்.

"அக்கா, சித்திரையில எங்கூர் கோயில்ல பொங்கல். அதுக்குப் போகையில அபிராமிய அங்ஙனயே விட்டுட்டு வந்துரலாம்னு இவரு சொல்லுறாரு. எங்க நாத்தனா வீட்ல."

"எதுக்கு?"

"இங்க ஊமையாட்டம் இருக்காள்ல. அங்க நாலு புள்ளைகளோட இருந்தா பேச்சு வரும்ங்கிறாரு. நாத்தனா மக எட்டாப்புப் படிக்கிறா, அவ சொல்லிக் குடுப்பா. நாங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவுக. நாங்க என்னத்தக்கா சொல்லிக் குடுக்க?"

"உனக்குச் சம்மதமா?"

ஒச்சம்மாள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். "பெத்த புள்ளைய விட்டுட்டு இருக்க யாருக்கு மனசு வரும்? ஆனா அவரு சொல்றதுலயும் தப்புச் சொல்ல முடியல. அதுக்குத்தான் உங்க பேப்பர்லயாச்சும் ஒரு கொற வராமப் பாத்துக்கிட்டேன். அதுவும் போதல போல."

என்னடா இது, 'பாத்துக்கிட்டேன்' என்கிறாளே என்று அப்போதே விஜயராணிக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பிள்ளையைப் பிரித்து அனுப்பப் போகிறார்களே என்ற வேதனைதான் பெரிதாக இருந்தது.

அந்த வாரம் இரண்டு நாள் அபிராமி வரவில்லை. என்னவென்று பார்க்க விஜயராணி மதியம் அவர்கள் காம்பவுண்டுக்குப் போனாள். அறையில் பாதிக்கு மேல் வெள்ளை பனியன் குவிந்திருந்தது. அதற்கு நடுவே ஒச்சம்மாள். மூலையில் சுவரோடு ஒட்டி, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அபிராமி. லேசாகக் காய்ச்சலாம், இப்போது தேவலையாம்.

"உக்காருங்கக்கா, இந்தா முடிச்சிர்றேன்" என்ற ஒச்சம்மாளின் மடியில் பனியன் இல்லை. பலகை மேல் கிளித்தாள் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கிளியின் இறக்கையில் ஒரு நூல் பிசகாமல் அவளே பச்சை அடித்துக்கொண்டிருந்தாள்.

விஜயராணி பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொரு தாளை எடுத்து வைத்து, "வா தாயி, நம்ம ரெண்டு பேரும் இதப் பண்ணுவமா?" என்று கிரேயானை எடுத்தாள்.

அபிராமி வாயைத் திறந்தாள்.

"தொடாதீக. டேமேஜ் ஆயிரும். அம்பு ஒட்டிருவாக."

விஜயராணிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிள்ளை பேசிவிட்டாளே. என்ன பேசினாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு பிள்ளையின் குரலை முதல்முதலாகக் கேட்கிறாள், அதில் இருப்பது அவள் ஒட்டிய அம்பு.

"வெள்ளப் பீஸு பாருங்கக்கா" என்று ஒச்சம்மாள் தானாகவே சொன்னாள். "கலருக் கையோட தொட்டுட்டா பண்டலே திரும்பி வந்துரும். அதான் கைய எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பேப்பரும் அப்படித்தான். மொத வாரம் அவ போட்டதுக்கு மூணு அம்பு ஒட்டுனீக. பாவம், பயந்துட்டா. அதுலருந்து நானே போட்டுர்றேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விஜயராணி தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். ஊரார் சட்டையில் எல்லாம் கோணல் பார்த்தாயே, உன் புத்தியில் இருந்த கோணல் உனக்குத் தெரிந்ததா? அன்று சோணைமுத்து சாப்பிட்டுக்கொண்டே இரண்டு தடவை என்னவென்று கேட்டார். அவள் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். குழம்பில் உப்பு இல்லை. அவரும் சொல்லவில்லை.

மறுவாரம் தாய்மார்கள் முன்னால் எழுந்து நின்று பட்டென்று போட்டு உடைத்தாள். "தப்பு பண்ணுனது நான். புள்ளைக தாளுக்கு அம்பு ஒட்டுனது பெரிய தப்பு. இனிமே ஒட்ட மாட்டேன். நீங்க போட்டுக் குடுக்காதீக. புள்ளைக கையால போடட்டும். கோணலா இருந்தாலும் அதுதான் வேணும்." இந்திக்காரர்களுக்குப் பாதி சைகையிலும் பாதி கம்பெனியில் பொறுக்கிய இந்தியிலும் சொன்னாள். எல்லோரும் சரி சரி என்று தலையாட்டிப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு வந்த தாள்களைப் பார்த்து அவள் தலையில் கை வைத்தாள். எல்லாமே கோணல். அருமையான கோணல். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிள்ளை அழுத்தினால் கிரேயான் ஓரிடத்தில் மெழுகாய் அப்பி, ஓரிடத்தில் தொட்டும் தொடாமலும் போகும். இது ஒரே சீராக ஓடியிருந்தது. சில தாய்மார்கள் இடது கையால் அடித்திருக்கிறார்கள். ஆர்டர் மாறிவிட்டது, இப்போது கோணல்தான் வேண்டுமாம் என்று புரிந்துகொண்டு, கேட்ட சரக்கைக் கேட்டபடி டெலிவரி கொடுத்திருக்கிறார்கள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கடைசியில் சிரித்துவிட்டாள். அவர்களைச் சொல்லி என்ன? வாங்குகிறவள் ஒருத்தி இருக்கிறவரைக்கும் அவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இந்துமதி வந்ததும் விஜயராணி அவளிடம் அதைத்தான் சொன்னாள். "தாளத் திருப்பி வாங்கவே கூடாதும்மா. வாங்குனா அது பண்டலாயிரும்."

இந்துமதி யோசித்தாள். "ஆபீசுல தாளோட ஃபோட்டோ கேப்பாங்களேக்கா."

"புள்ளைகளோட மூஞ்சியப் புடிச்சு அனுப்புங்க."

இந்துமதி சிரித்துவிட்டாள். "சரிங்கக்கா. ஆபீசுக்கு நாஞ் சொல்லிக்கறனுங்க. அந்த அம்பு சமாச்சாரத்த எனக்கு மொதல்லயே காட்டியிருக்கலாமுங்க."

"காட்டிருக்கணும்" என்றாள் விஜயராணி.

அன்று முதல் மத்தியானத்தில் ஒச்சம்மாள் அறைக்குப் போய் உட்காருவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள். ஒரு பையில் கலர் கலராகக் கட்டிங் வேஸ்ட் கொண்டுபோனாள், கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கழித்துப் போடுகிற துணித்துண்டுகள். அதை அபிராமி முன்னால் கொட்டி, "இதுல எதத் தொட்டாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றாள். பிள்ளை அன்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"நீ பிசிறு வெட்டிக்கிட்டே அவகிட்டப் பேசு" என்று ஒச்சம்மாளிடம் சொன்னாள்.

"என்னத்தப் பேச? எனக்குக் கதையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"கதை எதுக்கு? இப்ப என்ன செய்யிற, அதச் சொல்லு."

ஒச்சம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. தானாகப் பேசிக்கொள்கிற கிறுக்கி மாதிரி. இருந்தாலும் ஆரம்பித்தாள். இது கை, இது கழுத்து, இதுல ஒரு நூலு தொங்குது பாரு, அத வெட்டப் போறேன், வெட்டிட்டேன். இந்தச் சட்டை யாரு போடப் போறா? உன்னைய மாதிரி ஒரு புள்ள, எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம். அது பேரு என்னவா இருக்கும்? பேச்சு அதுபாட்டுக்கு வளர்ந்தது. கை வேலையும் நிற்கவில்லை, சொல்லப்போனால் அலுப்புத் தெரியாமல் ஓடியது.

சில நாள் கழித்து மூலையிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. சிவப்புத் துண்டுகளைத் தனியாகப் பொறுக்கி வைத்தது. அப்புறம் மஞ்சள். பங்குனி முடிவதற்குள் அபிராமி தாயிடம் குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிட்டாள். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் பேர்கூட வைத்துவிட்டாளாம். ஆனால் வெளி ஆள் நிழல் விழுந்தால் போதும், வாய் மூடிக்கொள்ளும். மையத்தில் பழைய கதைதான்.

"இவருகிட்டச் சொன்னேன். நம்ப மாட்டேங்கிறாரு" என்றாள் ஒச்சம்மாள். "அவரு முழிச்சிருக்கப்ப இவ தூங்குறா, இவ முழிச்சிருக்கப்ப அவரு இல்ல. பஸ்ஸுக்குப் பதிவு பண்ணியாச்சு, இனிமே மாத்தாதங்கிறாரு."

ஊருக்குக் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை முனீஸ் மையத்துக்கு வந்தான். பொங்கலுக்கு எடுத்த புது வெள்ளைச் சட்டை, கையில் பிள்ளையின் துணிப்பை. ஒச்சம்மாளும் பிள்ளையும் பின்னால் வந்தார்கள். ஒச்சம்மாளின் கண் வீங்கியிருந்தது.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்க்கா" என்றான். நல்ல மாதிரியான பையன். மரியாதை தெரிந்தவன்.

அவனிடம் சண்டை பிடிக்க வேண்டும் என்றுதான் விஜயராணி நாலு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அது ஒன்றும் வரவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வர அவனுக்கு மட்டும் ஆசையா?

"பஸ்ஸு சாயங்காலந்தானே? இவ்வளவு நாள் உன் பொஞ்சாதி வந்து உக்காந்தா. இன்னைக்கு ஒரு நாள் நீ புள்ளையோட உக்காரு. அப்புறம் கூட்டிட்டுப் போ. நான் மறிக்கல."

முனீஸ் சுற்றிப் பார்த்தான். எல்லாம் பெண்கள். கூச்சத்தோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எதிரில் அபிராமி, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. நடுவில் கிளித்தாள். பட்டறையில் நாளெல்லாம் கலரோடு கிடக்கிறவன், இங்கே எந்தக் கலரை எடுப்பதென்று தெரியாமல் கைக்கு வந்த கறுப்பை எடுத்து, தலையைக் குனிந்து அடிக்க ஆரம்பித்தான்.

பிள்ளை பார்த்தாள். அவன் தலையிலிருந்து கழுத்துக்கு வந்தான். இறக்கைக்கு வந்தான். அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"காக்கா இல்லப்பா" என்றாள். "கிளி."

முனீஸின் கை நின்றது. "என்னத்தா சொன்ன?"

"கிளி பச்சையா இருக்கும். வாய் மட்டும் செவப்பு. நீங்க பாத்ததே இல்லையா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் கை வெளியே வந்துவிட்டது. பச்சையை எடுத்து, அவன் கைக்கு மேலாகப் பாய்ந்து, கறுப்பாகிப்போன இறக்கையைக் காப்பாற்றப் பார்த்தாள். போன வேகத்தில் கிரேயான் தாளை விட்டு ஏறி, அவன் புதுச் சட்டைக் கையில் நீளமாக ஒரு பச்சைக் கோட்டை இழுத்துவிட்டது.

ஒச்சம்மாளுக்குப் பழக்கதோஷத்தில் கை ஓங்கிவிட்டது, பாதியிலேயே இறங்கிவிட்டது. அபிராமியின் கைகள் தொடைக்கு அடியில் போயின. முகம் வெளுத்து, அப்பனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்பு ஒட்டுவாகளாப்பா?"

"என்ன அம்பு?" முனீஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விஜயராணி கிட்டே வந்தாள். காலை மடக்க முடியாமல் மடக்கி, பிள்ளைக்கு நேராக உட்கார்ந்தாள். "இல்ல தாயி. ஒட்டுனவ நான்தான். இனிமே ஒட்ட மாட்டேன். யாருக்கும் ஒட்ட மாட்டேன்."

அபிராமி அவளை நம்பலாமா என்று பார்த்தாள். பிறகு அப்பனைப் பார்த்தாள். முனீஸ் தன் சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மெழுகுக் கலர் துணியில் லேசில் விடாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன. கறுப்புக் கிரேயானைக் கீழே வைத்தான்.

"அந்தச் செவப்ப எடு" என்றான் மகளிடம். "வாய் செவப்புன்னியே. எங்க, போட்டுக் காட்டு. நான் பாத்ததில்ல."

அவள் எடுத்தாள். வாய்க்குச் சிவப்பு, காலுக்குச் சிவப்பு, கிளி உட்கார்ந்திருக்கிற கிளைக்கு என்ன கலர், கிளி என்ன சாப்பிடும், அதுக்கு அம்மா உண்டா என்று வந்த பேச்சு நிற்கவில்லை. முனீஸ் ம் போட்டுக்கொண்டே இருந்தான். அத்தனை மாதம் சேர்த்து வைத்த தூக்கமெல்லாம் அவன் கண்ணை விட்டுப் போயிருந்தது. மற்ற தாய்மார்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு முனீஸ் தனியாகத்தான் போனான். சட்டையைக்கூட மாற்றவில்லை. ஊரில் இறங்கியதும் அவன் அக்கா வாசலிலேயே மறித்து, எங்கேடா பிள்ளை என்று கேட்டாளாம். ஒச்சம்மாள் அடுத்த வாரம் வந்து, அதைச் சொல்வதற்குள் சிரித்து, அழுது, மறுபடி சிரித்தாள்.

"புள்ளைக்குத் திருப்பூர்ல வேல கெடக்கு, வர முடியாதுன்னாராம்க்கா."